அப்ப நான் வாறன்

தொலையாத ஒருவரைத் தொலைத்துவிட்டு, அவரைத் தேட ஒரு தீயணைப்புப் படையையே காட்டுக்குள் இறக்கிய பெருமை எனக்கு உண்டு. பெருமை என்று நான்தான் சொல்கிறேன். வீட்டில் அதற்கு வேறு பெயர்.

நான் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவள். காடு மலையெல்லாம் நடந்து திரிவதில் எனக்குப் பைத்தியம். ஆனால் சவுவர்லாண்ட் காட்டில் எதிரே வருகிறவர்கள் என் நிறத்தைப் பார்த்ததும் அன்பாக ஒரு கேள்வி கேட்பார்கள்: "வழி தவறிவிட்டீர்களா?" கையில் வரைபடம், முதுகில் பை, காலில் மலைச் சப்பாத்து எல்லாம் இருக்கும். இருந்தும் கேட்பார்கள். எரிச்சல் வரும். ஒருமுறை அழுதும் இருக்கிறேன்.

ஒருத்தியாகப் போனால்தானே கேட்கிறீர்கள், கூட்டமாக வருகிறேன் பாருங்கள் என்று ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் மோருக்கு நின்ற சனத்தைப் பிடித்தேன். "நடக்கிறதுக்கு ஒரு குழுவோ? ஏன், பஸ் ஓடேல்லையோ?" என்று கேட்ட சிவா அண்ணைதான் முதலில் சேர்ந்தார்.

அந்தப் பகுதியின் நடைச் சங்கத்திடம் எங்களையும் ஒரு கிளையாகச் சேர்க்கும்படி கேட்டிருந்தேன். சேர்த்தால் பாதை மரங்களில் குறி பூசும் வேலை எங்களுக்கும் கிடைக்கும். (நாங்கள் பூசிய குறியைப் பார்த்து அவர்கள் வழி கண்டுபிடிக்க வேண்டும். அந்த நினைப்பே எனக்கு இனித்தது.) எங்களைப் பார்த்து முடிவு சொல்ல, சங்கத்திலிருந்து பிறிங்மன் என்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே நடக்க வந்தார். சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகம்.

பாதி வழியில் ஒரு சின்னக் கிராமம். அங்கே நான் பிறிங்மனுக்கு ஒரு மரத்தைக் காட்டி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் ஒருவரான மலர் அக்கா பின்னால் வந்து என் தோளைத் தொட்டார்.

"தங்கச்சி, அப்ப நான் வாறன்."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓம் அக்கா, அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இலக்கணத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். வா, வருகிறேன், வாறன். எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவர் ஜேர்மன் மொழியில் 'ச்சூஸ்' என்பதோடு சரி. ஆகவே மலர் அக்கா பின்னால் வருகிறார் என்று நம்பி நடந்தேன்.

உச்சியில் ஏறித் தலைகளை எண்ணினால் மலர் அக்காவைக் காணவில்லை. காத்திருந்தோம். கூப்பிட்டோம். போன் அடித்தது, எடுக்க ஆளில்லை. பாதையின் ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, கீழே ஆறு. தீயணைப்புப் படைக்கு (இங்கே ஃபொயர்வேர் என்பார்கள்) போன் அடித்துவிட்டேன்.

நடை முடிகிற வாகனத் தரிப்பிடத்துக்கு நாங்கள் இறங்கி வருவதற்குள் சிவப்பு வண்டி, நீல விளக்கு, மோப்ப நாய் என்று ஒரு திருவிழாவே கூடிவிட்டது. படையின் தலைவர் என்னிடம் கேட்டார்:

"கடைசியாக என்ன சொன்னார்?"

"வருகிறேன் என்று சொன்னார்."

"எந்தப் பக்கத்திலிருந்து?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மலர் அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற பயம். இனிமேல் காட்டில் எவர் என்ன கேட்டாலும் வாய் திறக்க முடியாதே என்ற வெட்கம். பிறிங்மன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சங்கமாவது, குறியாவது என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை புதர் புதராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிவா அண்ணை வந்தார்.

"பிள்ளை, மலர் என்ன சொன்னவ? சொன்னதை அப்பிடியே சொல்லு."

"'அப்ப நான் வாறன்' எண்டு சொன்னவ."

அண்ணை தலையில் கை வைத்தார். "அடி விசரி! அவ வீட்டை போயிட்டா!"

எங்கள் சனம் போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்று அந்தத் தலைவருக்கு ஜேர்மன் மொழியில் விளக்கும் பாக்கியமும் எனக்கே கிடைத்தது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "அப்படியானால் வரும்போது என்ன சொல்வீர்கள்?"

"அதற்கும் அதேதான்."

நாய் மட்டும் என்னை இரக்கத்தோடு பார்த்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. பெரிய கூடையோடு மலர் அக்கா இறங்கினார். வண்டியைக் கண்டதும், "ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?" என்று பதறினார். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது. "நடை முடியக் குடுக்கிற கிழங்கு ரோல்ஸ் ஆறினால் ஆர் தின்னுறது? அதுதான் பஸ்ஸிலை வீட்டை போய்ச் சுடச்சுடப் பொரிச்சுக்கொண்டு வந்தனான். சட்டி இரைச்சலிலை போன் கேக்கேல்லை. இவளிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே போனனான்! ஆறுதலா வாங்கோ எண்டு இவளும் சொன்னவள்!"

தீயணைப்புப் படை முழுவதும் ரோல்ஸ் தின்றது. பிறிங்மன் மூன்றாவதை எடுத்துக்கொண்டு, "அடுத்த நடை எப்போது?" என்றார். எங்களைச் சங்கத்தில் சேர்த்தும் விட்டார். ஒரேயொரு நிபந்தனை: இடையில் கழன்றுபோகிறவர்கள் அதை ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் நேரம், அம்மாவைக் கட்டிப் பிடித்து, "அம்மா, வாறன்" என்றேன். அம்மா விம்மத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். நடைக் குழுவின் மேசையிலிருந்து வேட்டியோடு எழுந்தார் பிறிங்மன். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லான 'வாறன்' காதில் விழுந்துவிட்டது. போனைக் காதில் வைத்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "ஹலோ, ஃபொயர்வேரா?" என்றார்.

அம்மாவுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வெடித்தது. கல்யாண வீடியோவில் நான் பிறந்த வீட்டைப் பிரிகிற காட்சி முடியும்போது அழுகிறவர் ஒருவர்கூட இல்லை.