பல் வைத்தியரின் வாசலில் கூட்டம்

"இண்டைக்கும் எல்லாரும் பல்லுக்காரனிட்டத்தானா?"

டொக்டர் ஜீவராஜ் கதவிடுக்கால் எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அவர் புற்றுநோய்க்கும் குருதி நோய்க்கும் விசேட நிபுணர், லண்டன் வரை போய்ப் படித்தவர். என்ன பிரயோசனம்? பல டொக்டர்மார் அறை எடுத்து நோயாளரைப் பார்க்கும் வெள்ளவத்தை சனலிங் சென்டரில் அவருடைய கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. எதிர் அறைப் பல் வைத்தியர் றொஹானின் வாசலில் நிற்கவே இடமில்லை. ஆள் வராவிட்டால் அடுத்த மாதம் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக சென்டர் முதலாளி வேறு சொல்லியிருந்தார்.

"வாசல்ல இருக்கிற என்ர போர்ட் சின்னன். அதுதான் சனத்தின்ர கண்ணில படேல்லை" என்றார் தன் நர்ஸ் மேனகாவிடம்.

"பெரிசாக்க வேண்டாம் டொக்டர்..."

"நீர் சும்மா இரும்!"

முன்னால், காலிக்குப் போகும் வீதியில் ஓடும் பஸ்ஸிலிருந்தே வாசிக்கலாம், அவ்வளவு பெரிய சிவப்பு எழுத்தில் 'புற்றுநோய்' என்று புதுப் போர்ட் ஏறியது. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் வராமல் விட்டார்கள். றொஹானின் வாசலில் ஆட்கள் இருக்க மேலதிகமாக ஒரு நீட்டு வாங்கு போட்டார்கள்.

ஜீவராஜ் விடுவாரா? தன் கதவுக்கு மேலே பளிச்சென்று ஒரு லைட் பூட்டினார். எதிர்ப்பக்கம் இன்னொரு வாங்கு வந்தது.

பொறுக்க முடியாமல் வெளியே வந்தவர், அந்தக் கூட்டத்தில் அருந்ததி அன்ரியைக் கண்டு திகைத்தார்.

"அன்ரி, நீங்களுமா? போன வருஷம் உங்களைச் சுகப்படுத்தினது நானெல்லோ!"

"ஐயோ, மெல்லக் கதையுங்கோ தம்பி! எனக்குப் பல்லுக்கொதி."

அன்ரிக்கு மேலும் கீழும் கட்டுப்பல் என்பது ஜீவராஜுக்கு நன்றாகத் தெரியும். கட்டுப்பல்லுக்கே கொதி வர வைக்கிறானே, படுபாவி!

"கான்சர் காட்ட வந்த ஆக்கள் இருந்தா உள்ள வாங்கோ!" என்று உரத்துக் கத்தினார்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்கள். நாலைந்து பேர் எழும்பி வீட்டுக்கே போய்விட்டார்கள்.

ஜீவராஜ் நேரே றொஹானின் வரவேற்பு மேசைக்குப் போய் அதில் அடித்தார்.

"உம்மட டொக்டரைக் கூப்பிடும்! என்ர ஆக்களைப் பறிக்க என்ன வசியம் செய்தவர்?"

அந்த மேசையில் நம்பர் கொடுக்கும் உஷாந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"இதெல்லாம் உங்கட ஆக்கள்தான் டொக்டர், தெரிஞ்ச சனம் காணாத நேரம் பாத்து உங்கட கதவுக்குள்ள நுழைவமெண்டு இஞ்ச வந்து குந்தியிருக்கினம், எங்கட டொக்டரிட்ட ஒருத்தரும் வாயே திறக்கினமில்லை!"