மேலே கேட்டுச் சொல்கிறேன்

"மார்ச் 3. இன்று ஒரு சின்னத் தப்பு. வாடகைக்கு வீடு பார்க்க வந்த தையல்காரம்மாவிடம், என் வீட்டை என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன்."

டைரியில் இப்படி எழுதிவிட்டு அவள் பேனாவைக் கடித்தாள். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஒருவேளை'. எதை எடுத்தாலும் "ஒருவேளை இப்படி ஆயிட்டா?" என்பாள். அப்படிப்பட்டவள் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி என்று மாலை வகுப்பில் படித்து, வங்கியில் கடன் எடுத்து, இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கியே விட்டாள். இந்த மாதத்துக்குள் யாரும் குடிவராவிட்டால் கடன் தவணை அவள் சம்பளத்தை முழுசாக விழுங்கிவிடும்.

வகுப்பில் வாத்தியார் சொல்லியிருந்தார்: "முடிவெடுக்கறது நீங்கன்னு காட்டிக்காதீங்க. 'மேல கேட்டுச் சொல்றேன்'னு சொல்லுங்க. எதிராளி தானா இறங்கி வருவாங்க."

அதனால்தான், தையல்காரம்மா சமையலறைக் குழாய் ஒழுகுவதைக் காட்டி வாடகையைக் குறைக்கச் சொன்னதும், "ஓனரம்மாவைக் கேக்கணுங்க. ரொம்பக் கறார்" என்று அளந்துவிட்டாள்.

தையல்காரம்மா இறங்கி வரவில்லை. "நானும் எங்க அண்ணனைக் கேக்கணும். அவர் அதைவிடக் கறார்" என்றாள். மறுநாளே போன் வந்தது. "அண்ணன் ஓனரம்மாகிட்டயே பேசணுங்கறார்!"

இல்லாத ஓனரம்மாவுக்கு எங்கே போவது? சித்தியிடம் ஓடினாள்.

"எது கேட்டாலும் 'முடியாது'ன்னு சொல்லணும் சித்தி. அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய விஷயம்? உங்க சித்தப்பாகிட்ட தினமும் சொல்றதுதானே!"

போனில் ஒரு கட்டைக்குரல், "வணக்கம்மா, என் தங்கச்சி தனியா இருக்கப் போகுது..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், சித்தி உருகிவிட்டாள்.

"குழாய்தானே தம்பி, மாத்திடலாம். வாடகையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

பக்கத்தில் நின்ற அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள். சித்தி போனைப் பொத்திக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட அண்ணன்டி! எனக்கும்தான் இருக்காரே, உங்க மாமா!" என்றாள்.

இதைச் சரிக்கட்ட, ஓனரம்மாவுக்கும் மேலே ஓர் ஓனர் ஐயா இருப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. சித்தப்பா போனை வாங்கினார். கொஞ்ச நேரம் மிடுக்காகத்தான் பேசினார். பிறகு தனக்கும் அந்த அண்ணனுக்கும் ஒரே இடத்தில் முதுகுவலி என்று கண்டுபிடித்தார். போனை வைக்கும்போது, புதுப் பெயிண்டும் சுவர் அலமாரியும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"தங்கமான மனுஷன்மா! ஞாயித்துக்கிழமை நேர்ல பேசி முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்."

"ஐயோ சித்தப்பா!"

குழாயாவது ஒழுகாமல் இருக்கட்டும் என்று அவள் பிளம்பர் தேடியபோது, தையல்காரம்மாவே தனக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியும் சித்தப்பாவும் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிளம்பர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தார். தையல்காரம்மா தனியாக வந்தாள்.

"அண்ணன் எங்கம்மா?" என்றாள் சித்தி.

"அவருக்கு... திடீர்னு வேலை வந்துடுச்சு."

"அவர் வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் சித்தப்பா. வீடு தன்னுடையதல்ல என்பதையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

தையல்காரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். 'ஒருவேளை' ஓடிப்போய் வாசலை மறித்தாள். போச்சு, வீடு காலிதான்!

அப்போது தொட்டிக்கு அடியிலிருந்து கட்டைக்குரல் ஒன்று, "ஒரு துணி குடுங்கம்மா" என்றது.

சித்தி துள்ளி எழுந்தாள். "போன்ல பேசின தம்பி!"

மடாரென்று ஒரு சத்தம். பிளம்பர் தலையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். தையல்காரம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிளம்பரின் பார்வை, மேடைமேல் இருந்த வீட்டுக்காரியின் வகுப்புப் பையில் விழுந்தது. அதில் வாத்தியாரின் முகம் சிரித்தபடி அச்சாகியிருந்தது.

"அட, நம்ம வாத்தியார்! வாடகைக்கு வீடு பிடிக்கறது எப்படின்னு எங்க ரெண்டு பேருக்கும் செவ்வாய்க்கிழமை கிளாஸ் எடுக்கறார். உங்களுக்கு எந்தக் கிழமைங்க?"

"மார்ச் 9. நானும் தையல்காரம்மாவும் மட்டும் உட்கார்ந்தோம். இரண்டே நிமிடத்தில் வாடகை முடிவாகிவிட்டது. யாரையும் கேட்கவில்லை. நாளை: தையல்காரம்மாவிடம் சாவி கொடுக்க வேண்டும். சுவர் அலமாரிக்குத் தச்சரைப் பார்க்க வேண்டும். சித்தப்பா விடமாட்டார்."