எட்டில் வைக்காதவர்

பழைய லென்ஸ்காரர் என்று ஓர் இனம் உண்டு. தாஷ்கண்டில் எங்கள் பேட்டையில் மட்டும் நாலு பேர் தேறுவார்கள். புத்தம்புதுக் கேமரா வாங்குவார். அதோடு வந்த லென்ஸைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். பூட்டிய கையோடு ஞாயிற்றுக்கிழமை யாங்கியாபாத் சந்தைக்குப் போய், துருப்பிடித்த சைக்கிள் செயினுக்கும் ஒற்றைக்கால் பொம்மைக்கும் நடுவே சாக்கில் கிடக்கிற சோவியத் காலத்து லென்ஸ் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, “உள்ள கொஞ்சம் பூஞ்சை இருக்கு, படத்துல தெரியாது” என்பார். எதற்கு ஐயா முகர்கிறீர்கள்? முலாம்பழமா அது?

அந்த லென்ஸ் இந்தக் கேமராவில் பொருந்தாது. பொருந்த வைக்க நடுவில் ஒரு வளையம் வேண்டும், அடாப்டர் என்பார்கள். அவரிடம் பதினாலு வளையங்கள் இருக்கின்றன. இன்றைக்கு வேண்டிய வளையம் இன்னொரு பையில் இருக்கும். அந்தப் பை வீட்டில் இருக்கும். எடுத்து வந்து திருகி மாட்டினால், கேமராவுக்கு அப்படி ஒரு லென்ஸ் இருப்பதே தெரியாது. திரையில் “லென்ஸ் பொருத்தப்படவில்லை” என்று எழுதிக் காட்டும். இவர் அதனோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டிச் சமாதானப்படுத்துவார்.

“கேமராவே சொல்லுது, அங்க ஒண்ணும் இல்லைன்னு. நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க” என்பது இவர் மனைவியின் கருத்து.

அடுத்தது ஃபோகஸ். புது லென்ஸ் தானாகப் பார்த்துக்கொள்ளும். பழசைக் கையால் திருக வேண்டும். குழந்தை சிரிக்கும். இவர் திருகுவார். குழந்தை அழும். இவர் இன்னும் கொஞ்சம் திருகுவார். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விடும். படத்தைக் கேட்டால், மங்கலான ஏதோ ஒன்றைக் காட்டி, “குணம் இருக்கு பாருங்க” என்பார். மங்கினால் குணம். மஞ்சளடித்தால் குணம். பின்னால் இருக்கிற மரமெல்லாம் சுழன்று பார்ப்பவருக்குத் தலைசுற்றல் வந்தால் அபார குணம். ஆட்களை அடையாளம் தெரிகிற படத்துக்கு மட்டும் குணம் கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் ஓர் எண். லென்ஸின் கழுத்தில் இரண்டு முதல் பதினாறு வரை எழுதியிருக்கும். இரண்டில் வைத்தால் நாலு விரல் ஆழத்துக்குத்தான் தெளிவு. முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்து ஓடிவிடும். எட்டில் வைத்தால் முன்வரிசைக்காரரும் பின்வரிசைக்காரரும் சமர்த்தாகப் படத்தில் விழுவார்கள். பழைய லென்ஸ்காரர் செத்தாலும் எட்டில் வைக்கமாட்டார்.

எங்கள் அடுத்த வீட்டு இஸ்மத் அண்ணனைச் சொல்கிறேன். போன வசந்தத்தில் அவருடைய அக்கா சனோபர் மகனுக்குக் கல்யாணம் வைத்தாள். மகனின் அப்பா எர்கினுக்குக் கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அந்த மனுஷர் ஃபோனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கல்யாணத்துக்கு மறுநாள் காலையில மருமக சொந்தக்காரங்களுக்கு வணக்கம் வைப்பாளே, அப்ப என் பேரையும் கூப்பிடுவாங்க இல்ல? என் பேருக்கு அவ குனியற படம் ஒண்ணு. அது போதும் எனக்கு.” சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சனோபரும் அழுதாள். பக்கத்தில் இருந்த நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இஸ்மத் அண்ணனுக்கு மட்டும் கண் பளபளத்தது.

“அக்கா, வெளியாள் எதுக்கு? நான் எடுக்கறேன். ஒரு லென்ஸ் இருக்கு, பொண்ணு முகத்துக்குன்னே செஞ்சது.”

“டேய் இஸ்மத், முகம் தெரியுமாடா?”

“முகம் தெரியறதா முக்கியம்? முகத்துல இருக்கறது தெரியும்க்கா!”

இதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குப் புரியவில்லை. தம்பியாயிற்றே என்று தலையாட்டிவிட்டாள். பேசி வைத்திருந்த படக்காரரை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாற்பது பெண்கள், ஏழெட்டு ஆண்கள். நடுவில் வெள்ளை முக்காட்டில் புதுமருமகள் ஓய்தின். புதுமருமகள் வாயைத் திறக்கக்கூடாது. பெயர் கூவுகிற அம்மாள் ஒவ்வொரு பெயராகக் கூவக்கூவ, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நிமிர வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு எத்தனை தடவை குனிந்தாள் என்பதை அங்கே வந்த எவரும் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார்கள். மரியாதைக் கணக்கில் எங்கள் பேட்டை கெட்டி.

இஸ்மத் அண்ணன் முதல் வேலையாக எல்லார் ஃபோனையும் பிடுங்கினார். “கையில ஃபோன் தெரிஞ்சா படமே போச்சு!” பிலாவ் பரிமாறுகிற பெரிய தாம்பாளத்தில் அத்தனை ஃபோன்களையும் கொட்டி, மேலே துணி போட்டு மூடி, காவலுக்கு என்னை உட்கார வைத்தார். துணிக்கடியில் அவை உறுமிக்கொண்டே இருந்தன.

எர்கினின் தங்கை ஷரோஃபத்துக்கு மூன்று தடவை. பூரித்துப்போனாள். மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு. பிறகு எர்கின் பெயர். முதல் இருக்கையில் ஆள் இல்லை. அவருடைய தொப்பியைத்தான் வைத்திருந்தார்கள். ஓய்தின் மெல்லக் குனிந்தாள்.

“நில்லு, நில்லு! இன்னொரு தடவை!” என்றார் இஸ்மத் அண்ணன்.

குனிந்தாள். நிமிர்ந்திருக்கும்போது பார்த்துத் திருகி வைத்தால், குனியும்போது நாலு விரலைத் தாண்டி வந்துவிடுகிறாள். குனிந்திருக்கும்போது திருகலாமென்றால், திருகி முடிப்பதற்குள் நிமிர்ந்துவிடுகிறாள். இன்னொரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை. பெரியவர் சொல்லும்போது புதுமருமகள் மாட்டேன் என்பாளா? ஆறு. ஏழு. எனக்குப் பொறுக்கவில்லை.

“இஸ்மத் அண்ணே, எட்டுல வச்சு எடுத்துத் தொலைங்களேன்!”

“எட்டுல வச்சா எல்லாமே தெளிவா வந்துடும்யா!”

“வரட்டுமே!”

“அப்புறம் லென்ஸுக்கு என்ன மரியாதை?”

எட்டு. ஒன்பது. பெண்கள் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஷரோஃபத்தின் முகம் தொங்கிப்போயிற்று. பதினோராவது தடவை முடிந்ததும்தான் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “ஆகா, குணம்!” என்றார்.

மத்தியானம் அக்காவிடம் படங்களைக் கொடுத்தார். சனோபர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பதினொரு படங்கள். ஒவ்வொன்றிலும் பின்னால் இருந்த நீலத் தேநீர்க் கூஜாவின் மூக்கு அவ்வளவு துல்லியம்; அதிலிருந்த விரிசலைக்கூட எண்ணலாம். முன்னால் வெள்ளையாக ஏதோ புகை.

“என் மருமக எங்கடா?”

“அந்த வெள்ளைதாங்க்கா.”

“பாவி! அவர் கேட்டது ஒரே ஒரு படம்டா! ஒரே ஒரு படம்!” சனோபர் அழுத அழுகையில் முதல்முறையாக அண்ணனுடைய கை லென்ஸை விட்டு இறங்கித் தொங்கியது. அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

வேறு படம் ஏது? ஃபோன்களெல்லாம் என் காவலில் அல்லவா இருந்தன! வேறு வழியில்லாமல் அந்தப் பதினொன்றையும் அனுப்பிவைத்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து எர்கின் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

“பார்த்தேன். கூஜா நல்லா இருக்கு” என்றார். “மருமக எதுல இருக்கா?”

இஸ்மத் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பொருமிக்கொண்டிருந்த ஷரோஃபத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பாய்ந்து வந்து ஃபோனைப் பறித்தாள்.

“நல்லாயிருக்குண்ணே நியாயம்! கூடவே இருந்து ஓடியாடி வேலை செஞ்ச எனக்கு மூணு தடவை. ஊர்லயே இல்லாத உன் தொப்பிக்குப் பதினொரு தடவை!”

“எத்தனை?”

“பதினொண்ணு! ஊரே எண்ணுச்சு!”

எர்கின் படங்களை எண்ணியிருக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருந்த கூட்டாளிகளை அவர் கத்திக் கூப்பிடுவது கேட்டது. “டேய் இங்க வாங்கடா! என் பேருக்குப் பதினொரு தடவை குனிஞ்சிருக்காடா என் மருமக! ஒவ்வொண்ணுக்கும் படம் இருக்குடா!” கேவிக் கேவி அழுதார் மனுஷர். “இஸ்மத், ஒண்ணுகூட விடாம எடுத்திருக்கியேடா, நல்லா இருப்படா நீ!”

இஸ்மத் அண்ணனின் தலை மெல்ல நிமிர்ந்தது. “நான் சொன்னேனே, அந்த லென்ஸ்ல குணம் இருக்குன்னு” என்றார். இதற்கெல்லாம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதோடு விட்டார்களா? எனக்கும் பாக்கி எட்டு வேண்டும், அதே லென்ஸில் வேண்டும் என்று ஷரோஃபத் ஒற்றைக்காலில் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறு பெண்கள். மறுநாள் காலை மறுபடி பந்தல், மறுபடி தாம்பாளம். இஸ்மத் அண்ணன் இரண்டில் வைத்துத் திருக ஆரம்பித்தார். அப்போதுதான் முக்காட்டுக்குள்ளிருந்து, புகுந்த வீட்டுக்கு வந்தபின் முதன்முதலாக ஓய்தினின் குரல் வெளியே வந்தது.

“மாமா, உங்க கால்ல வேணா விழறேன். எட்டுல வையுங்க.”

வைத்தாரா என்று கேட்கிறீர்களா? வைத்தார். ஷரோஃபத் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தாள், இரட்டைத் தாடையும் மருவும் உட்பட. அவள் இன்றுவரை இஸ்மத் அண்ணனோடு பேசுவதில்லை.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண்ணின் இடுப்பு என்னவாயிற்றோ என்று உங்களுக்குக் கவலை வந்ததா? வந்திருந்தால் நீங்கள் நல்ல மனிதர், போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இல்லை, முதல் பத்தியிலிருந்தே “அது என்ன லென்ஸ், பேரைச் சொல்லித் தொலையேன்” என்று மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததா?

பெயரை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. தயவுசெய்து உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியாளைக் கூப்பிடுங்கள்.