பிரதம விருந்தினர் கையை எடுக்கவில்லை

போட்டோவில் சிரிப்பவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் தாராவி வீட்டுச் சுவரில் அப்படி ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் லேசாகப் புகை. வருகிறவர்களிடம் அம்மா, "அது ஊதுபத்தி" என்பாள். ஊதுபத்தி இல்லை. எனக்குக் கிடைக்கவிருந்த வேலை எரிந்த புகை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். (இதை யாரும் கேட்கும்வரை நான் காத்திருந்ததில்லை.) அப்பாவுக்குத் தோல் கிட்டங்கியில் வேலை, எனக்கு ரேடியோ டிப்ளமா. மாட்டுங்காவில் இருந்த அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் நான் ஒருத்திதான் பெண். அங்கே எல்லோரும் பழைய கண்ணாடிக் குழாய் வால்வைக் கட்டிக்கொண்டு அழுதபோது, லாமிங்டன் ரோட்டு ரேடியோ சாமான் கடைகளில் தேடிப் பொறுக்கிய டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் செய்தேன். சின்ன டிரான்ஸ்மிட்டரின் முனகலைத் தாணே வரை கேட்கவைக்கும் பெட்டி.

ஆண்டு விழாவில் அதைக் காட்டச் சொன்னார்கள். பிரதம விருந்தினர் விக்ரோலியில் தொழிற்சாலை வைத்திருப்பவர். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இது சூடாகாதோ?"

"வால்வுதான் சார் அடுப்பு மாதிரி கரண்டைத் தின்னும். இது அத்தனையையும் ஏரியலுக்கே அனுப்பிடும்."

(அத்தனையையும் அனுப்பாது. கணக்குப் போட்டவளே நான்தான்.)

"நன்னா வேலை செஞ்சுடுத்துன்னா, திங்கட்கிழமை ஃபாக்டரிக்கு வந்து சேர்ந்துடு."

முன்வரிசையில் இருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒலிபரப்ப லைசென்ஸ் வைத்திருந்த சங்கச் செயலாளர்தான், தந்தி அடிப்பதுபோல் மோர்ஸ் சாவியைத் தட்டுவதாக ஏற்பாடு. நான் விடவில்லை. "சார் கையால ஆரம்பிக்கட்டும்" என்றேன். போட்டோவில் என் பக்கத்தில் செயலாளர் நின்றால் என்ன மதிப்பு?

சாவியை அழுத்தினால் டிரான்சிஸ்டரில் சூடேறும்; விட்டால் ஆறும். அழுத்திக்கொண்டே இருந்தால், சூடேற ஏற அது இன்னும் கரண்ட் இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் சூடேறும். அதனால் தட்டித் தட்டி விட வேண்டும். இதை நான் சொல்லவில்லை. அவரோ ரிப்பன் வெட்டியும் விளக்கேற்றியும் பழகியவர். போட்டோக்காரர் போதும் என்று சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது அவர் கற்ற பாடம்.

அழுத்தினார். எடுக்கவில்லை.

"ஸார், ஹிலோ மத்! ஏக் அவுர்!" என்றார் போட்டோக்காரர். அசையக் கூடாதாம், இன்னும் ஒன்று எடுக்கணுமாம்.

"ஏட்டி, என்னமோ பொசுங்குத வாடை வருதே" என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா" என்றேன், பல் தெரிய.

தாணேயில் காத்திருந்த உறுப்பினருக்கு நீளமான ஒரே ஊளை கேட்டதாம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லையாம். இங்கே பெட்டியிலிருந்து புகை வந்தது. ஃப்ளாஷ் அடித்தது. விருந்தினர் அப்போதுதான் கையை எடுத்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"அடுப்பு மூட்டற வேலைன்னா நன்னா செய்வே போலிருக்கே!"

சபை சிரித்தது. முந்தின வாரம் வரை என்னிடம் சர்க்யூட் படம் கேட்டுக் கெஞ்சியவர்களும் சிரித்தார்கள். அந்தத் திங்கட்கிழமை, வால்வு ரேடியோவைத் திறந்து மூடத் தெரிந்த செயலாளரின் மைத்துனன் விக்ரோலிக்கு வேலைக்குப் போனான்.

அன்று திரும்பும்போது அப்பா கேட்டார்.

"அந்த ஆளு கைய எடுத்திருந்தா பொசுங்கியிருக்காதுல்லா?"

"பொசுங்கியிருக்காதுப்பா."

"பின்ன நீ சொல்லியிருக்கலாம்லா?"

"போட்டோல வாய் கோணிக்கிடும்னு பார்த்தேன்."

அப்பா தெருவிலேயே நின்று சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

இப்போது செம்பூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கிறேன். காரில் வந்திறங்கும் எந்தப் பெரிய மனிதர் என் மேஜைமேல் எதைத் தொட்டாலும், "கையை எடுங்க சார்" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு வருத்தம், வாடிக்கையாளர்கள் போய்விடுகிறார்களாம். உறவுக்காரர் கல்யாணத்திலோ, யாராவது போட்டோவுக்கு நின்றால் போதும், "கைய எடும் சார்!" என்று மொத்தக் குடும்பமும் கத்துகிறது.

அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்கிறார்: "அன்னைக்குச் சொல்ல வேண்டியத, பாவம், ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா."