பதினாலாம் நம்பர் ரூமும் உள்ளூர்மை அலுவலரும்

ஷார்ஜா ரோலாவில், ஒரு பழைய கட்டடத்தின் பதினாலாம் நம்பர் ரூமில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் ராக் இசைக்குழு உதயமானது. பெயர் யோசிக்க யாருக்கும் நேரமில்லாததால் ரூமின் நம்பரையே குழுவுக்கும் வைத்துவிட்டார்கள். உலகத்தில் மற்ற ராக் குழுக்கள் சண்டை போட்டுப் பிரியும். இது விசா முடிந்து பிரியும். ஒன்பது டிரம்மர்களும், ஏழு கிதார்காரர்களும், கீபோர்டு வாசித்த ஒரு பேக்கரி மாஸ்டரும் இதுவரை கேன்சலாகி ஊர்போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து மிச்சமிருப்பது பாடகர் தேவதாசும் அவருடைய ஆம்ப்ளிஃபயரும்தான்.

தேவதாஸ் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். டியூட்டி நேரத்தில் ஏசி மெக்கானிக், லீவு நாளில் ராக் பாடகர். கிறிஸ்துமஸ் மேடை, ஓணம் மேடை, லேபர் கேம்ப் மேடை என்று அவர் ஏறாத மேடை கிடையாது. ரேடியோவில் மட்டும் அவர் பாட்டு ஒருநாளும் வந்ததில்லை. ஊரில் இருக்கும் மனைவி ரெபேக்காள் அதைப் போனில் அடிக்கடி நினைவூட்டுவாள். அவர் அனுப்பிய வீடியோக்களில் டிரம்ஸ் சத்தம் மட்டுமே கேட்டதால், கணவனின் பாட்டுக் குரல் எப்படியிருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

"ரேடியோவுல வரட்டும். அப்பம் நம்புதேன், நீங்க பாட்டுக்காரருன்னு" என்பாள்.

அவர் விசாவை முடித்து, ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊர் திரும்ப இன்னும் இரண்டே மாதம் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு தடவை ரேடியோவில் தன் பாட்டை அவள் காதில் போட்டுவிட வேண்டும். பாவம், அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு தேசிய ஒலிபரப்பு விதி வந்தது. எஃப்.எம். நிலையங்கள் யாவும் நாற்பது சதவீதம் உள்ளூர்க் கலைஞர்களின் பாடல்களையே ஒலிபரப்பிடுதல் வேண்டும். பேரீச்சை எஃப்.எம். நிலையம் இந்த விதியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. உள்ளூர்மை அலுவலர் என்று ஒரு புதிய பதவியை உண்டாக்கி, அதற்குச் சோலையப்பன் என்பவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தது.

தேவதாஸ் 'தண்ணி லாரி' என்ற பாட்டோடு அவரைப் பார்க்கப் போனார். கேம்ப்பில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. சோலையப்பன் கண்ணை மூடிக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். பிறகு கையை நீட்டி எமிரேட்ஸ் ஐடியை வாங்கினார்.

"மிஸ்டர் தேவதாஸ், உங்க விசாவில் ஏசி மெக்கானிக்னு இருக்கே?"

"ஆமா சாரே. அதுதான எனக்க வேலை."

"அப்போ நீங்க உள்ளூர் மெக்கானிக். உள்ளூர்க் கலைஞர் இல்லை."

"இருபத்தஞ்சு வருசமா இங்கதான பாடுதேன்!"

"அது பாட்டு இல்லை சார். விதிப்படி அது ஏசி வேலையின்போது உண்டாகும் சத்தம்."

தேவதாஸ் சளைக்கவில்லை. "சரி, மிச்சம் அறுபது சதவீதத்துல போடுங்க. வெளிநாட்டுப் பாட்டுன்னு."

"எப்படிப் போட முடியும்? உங்ககிட்ட உள்ளூர் விசா இருக்கே!"

"சார் இங்க வந்து எத்தன வருசம் ஆச்சு?"

"மூணு மாசம்" என்றார் சோலையப்பன் பெருமையாக. "ஆனா என் விசாவில் மீடியான்னு போட்டிருக்கு. நான் முழு உள்ளூர்."

கம்பெனியிலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம் என்றார். கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் செய்கு முகம்மது நல்ல மனிதர். கையோடு எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி ஊழியர் ஏசி பராமரிப்பு சம்பந்தமாகப் பாடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.'

சோலையப்பன் அதை மூன்று முறை படித்தார். "அப்படின்னா இது விளம்பரம். விளம்பரத்துக்கு இருபது விநாடிதான். பாட்டு ஏழு நிமிஷம் ஓடுது. அதுல ஏசியும் வரலையே!"

தேவதாஸ் ரூமுக்குப் போய், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பாட்டில் தண்ணி லாரியை எடுத்துவிட்டு ஏசி கம்ப்ரெசரை வைத்தார். டிரம்மர் பிரைட் குச்சிகளைக் கீழே போட்டான். "அண்ணே, இதப் பாடணும்னா நீரே வாசிச்சுக்கிடும்" என்றான்.

புதுப் பாட்டைக் கேட்ட சோலையப்பன் முகம் சுளித்தார். "இதுல ராக் இல்லையே. ராக்னா ஒரு வலி வேணும். கிழிஞ்ச ஜீன்ஸ் வேணும். உங்க பேண்ட்ல கிரீஸ் மட்டும்தான் இருக்கு."

நாற்பது சதவீதம் மட்டும் நிரம்பியாக வேண்டுமே! நிலையம் சென்னையிலிருந்து ஒரு நட்சத்திரப் பாடகரை இரண்டு நாளுக்குக் கலைஞர் விசாவில் இறக்கியது. ஹோட்டலில் ஒரு பாட்டு பதிவானது. அதில் 'யல்லா' என்ற அரபுச் சொல் பதினாறு முறை வந்தது. மூன்றாம் நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். ஒரே உள்ளூர்ப் பாட்டு என்பதால் அதைத் தினமும் நாற்பத்தோரு தடவை போட்டார்கள்.

இரண்டு மாதம் ஓடியது. தேவதாசின் விசா கேன்சலாயிற்று. மறுநாளே சோலையப்பன் போனில் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு குதூகலம்.

"வாழ்த்துகள் சார்! நீங்க இப்போ வெளிநாட்டுக் கலைஞர். ஒரு தடையும் இல்லை. சனிக்கிழமை மூணு மணிக்கு உங்க பழைய பாட்டையே போடறோம்."

சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் தேவதாஸ் டாக்சியில் ஏர்போர்ட் போய்க்கொண்டிருந்தார். டிரைவர் ஹசன் அலி, ராமநாதபுரத்துக்காரர். தேவதாஸ் கேட்டுக்கொண்டபடி பேரீச்சை எஃப்.எம். வைத்தார். தேவதாஸ் ரெபேக்காளைப் போனில் பிடித்து, "இப்பம் வரும், கேளு" என்று போனை ரேடியோ பக்கம் நீட்டினார்.

"நேயர்களே, தமிழ்நாட்டிலிருந்து ஒரு புத்தம்புதிய குரல்!" என்றது ரேடியோ. டிரம்ஸ் முழங்கியது. பாட ஆரம்பிக்கும் முன்பே ஹசன் அலி பட்டென்று அணைத்துவிட்டார்.

"பாருங்கண்ணே அநியாயத்த! எப்பப் பார்த்தாலும் வெளியூர்க்காரன் பாட்டு. இங்க ரோலாவுல பதினாலாம் நம்பர் ரூம்னு ஒரு குரூப்பு இருபத்தஞ்சு வருசமா கெடந்து வாசிக்கிது. ஒரு நாளாச்சும் போட்டானுங்களா?"

தேவதாஸ் சீட்டின் நுனிக்கு வந்தார். "நீங்க அவங்க பாட்டக் கேட்டிருக்கியளா?"

"எங்கண்ணே கேக்குறது? ரேடியோவுல போட்டாத்தானே!"

"தம்பி, அது நான்தான். இப்பம் ஓடுனது எனக்க பாட்டு. போடுங்க!"

ஹசன் அலி கண்ணாடியில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தமிழ்நாட்டுலேந்துன்னுல சொன்னான்? நீங்க இங்க உள்ள ஆளு" என்று சிரித்தார். சிக்னல், ரவுண்டானா, இன்னொரு சிக்னல் தாண்டி, கெஞ்சல் தாங்காமல் ரேடியோவை மறுபடி போட்டார். அதற்குள் ஏழு நிமிஷம் கடந்திருந்தது. நீட்டியபடியே இருந்த போனுக்குள் 'யல்லா யல்லா' என்று நட்சத்திரப் பாடகர் உருகிக்கொண்டிருந்தார்.

"இதாண்ணே உள்ளூர்ப் பாட்டு!" என்று ஹசன் அலி சத்தத்தைக் கூட்டினார்.

போனுக்குள் ரெபேக்காள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நல்லா பாடுதிய! இத்தன வருசமா உங்கள நம்பாமலே இருந்துட்டேனே. வீட்டுக்கு வந்ததும் எனக்கு இதப் பாடிக் காட்டணும், கேட்டியளா?"

தேவதாஸ் போனைக் கையால் பொத்தினார். பிறகு, "தம்பி, இன்னும் கொஞ்சம் சத்தமா வையுங்க" என்றார். "வரி எல்லாம் பாடம் பண்ணணும்."