சந்தனம் பூசிய பம்பர்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நம்பாதீர்கள். ஒரு சின்ன ஆபத்தைத் தவிர்க்கப் போய்த்தான் நாங்கள் பெரிய ஆபத்தை உண்டாக்குகிறோம். (வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தால் இன்னும் திருத்தமாக உண்டாக்கலாம்.)

என் மாமனாரின் வெள்ளைக் காருக்கு வயதாகிவிட்டது. ஒருமுறை ஓர் எருமையோடு மோதியதில் முன் பம்பருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அது வெயிலில் வெடித்து, ஓரமெல்லாம் உரிந்து நின்றது. "வண்டி ஓடுதுல்ல அம்மிணி" என்பார் மாமனார். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மாலை, என் இரண்டு வயது மகன் கவின் பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து, பெயிண்ட்டில் ஒரு துண்டை அப்பளம் போலப் பிய்த்து வாயருகே கொண்டுபோவதைப் பார்த்தேன். பாய்ந்து பிடுங்கினேன். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். டார்ச் அடித்தும் பார்த்தேன். பற்கள் மட்டுமே இருந்தன. அவற்றையும் ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, போனில் எதையெதையோ தேடிப் படித்து இன்னும் பயந்து, ஒரு முடிவுக்கு வந்தேன். உரிந்து நிற்கும் துண்டுகளை எல்லாம் நானே எடுத்துவிடுவது.

மறுநாள் காலை அந்தக் காரில்தான் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம் என்பது தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். அதனால்தான் ஓரத்தை மட்டும் உரிக்க நினைத்தேன்.

வேகவைத்த முட்டையை உரித்திருப்பீர்கள். சில முட்டைகளில் ஒரே இழுப்பில் பாதி ஓடு கையோடு வந்துவிடும். பம்பர் அந்த ஜாதி. இடப்பக்கம் முழுதும் போனபின் வலப்பக்கத்தில் மட்டும் பெயிண்ட் இருப்பது அசிங்கமாகப் பட்டது. தோசைத் திருப்பியை எடுத்துவந்தேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது, வெள்ளைக் கார் கன்னங்கரிய வாயோடும் அங்கங்கே வெள்ளைத் திட்டோடும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

பெயிண்டருக்குப் போன் செய்தேன்.

"பிளாஸ்டிக்குங்க. தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, காய உடோணும். காலைக்குள்ள ஆவாதுங்க. அதுவரைக்கும் உரிச்சு கிரிச்சு வெச்சராதீங்க."

"சரிங்க" என்றேன்.

போகப் போகிற இடம் பரமத்தி வேலூர். நாத்தனார் நித்யாவுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவள் தன் அப்பாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். "காரு கீருன்னு அந்த ஊட்டுல ஒரு பேச்சு வந்துச்சுன்னா, காப்பியக்கூட குடிக்காம எந்திரிச்சு வந்துருங்கப்பா." மாமனாரும் எழுந்து வந்துவிடக்கூடியவர்தான்.

இந்தப் பல்லிளிப்பை எப்படி மறைப்பது? எங்கள் நாமக்கல்லில் முகத்தில் சந்தனமும் குங்குமமும் இல்லாத லாரி அபூர்வம். பூஜை அலமாரியில் இருந்த சந்தனப் பொடி முழுவதையும் பன்னீரில் குழைத்துப் பம்பர் நெடுகப் பூசினேன். பொட்டுப் பொட்டாகக் குங்குமம். மேலே ஒரு சாமந்தி மாலை. பழக் கடைக்குப் போயிருந்த மாமனாரும் அத்தையும் திரும்பி வந்து அசந்து நின்றார்கள்.

"இதென்ன அம்மிணி?"

"நல்ல காரியத்துக்குப் போறமில்லீங்க மாமா..."

"எம்பட மருமவளுக்கு எத்தனை பொறுப்புன்னு பாருங்க" என்று அத்தை கண் கலங்கினார். அப்போதே சொல்லியிருக்கலாம். கண் கலங்கியவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் வேலூரில் உபசரிப்பு பலமாக இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் உள்ளே வராமல் காரைச் சுற்றி வந்தார். மாலையைத் தொட்டார். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். பிறகு மலர்ந்த முகத்தோடு வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, நாங்க ஒன்னுமே கேக்குலீங்களே! மாப்பிள்ளைக்குக் காரெல்லாம் எதுக்குங்க?"

உதட்டருகே போன காப்பி டம்ளர் அப்படியே நின்றது. கேட்கவில்லை என்று சொல்லியே கேட்கிறார்கள் என்று மாமனார் நினைத்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் மாப்பிள்ளையே முகம் சிவந்து எழுந்தார்.

"பெரியப்பா, எதுவும் வாண்டாம்னு அன்னைக்கே சொன்னனில்லீங்க? மாமா, நீங்க காரைத் திருப்பிக் கொண்டுட்டுப் போயிருங்க."

"திருப்பிக் கொண்டு போவாம? அது எங்க காரு தம்பி!"

கார் கூடாது என்று இரண்டு பேரும் முழு மனதாக ஒத்துப்போய், சண்டைக்கு நின்றார்கள். என் கணவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாமனார் அத்தையைப் பார்த்து, "கெளம்பலாம்" என்றார்.

நித்யா வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எனவே (ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை) தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எல்லோரும் பின்னால் ஓடி வந்தார்கள். மாலையை விலக்கி, பம்பர் மேல் தண்ணீரை ஊற்றினேன். சந்தனம் வழிந்து, கறுப்பு வாய் மெதுவாகத் திறந்தது.

"குடுக்கறதுக்குக் கொண்டாரலீங்க. பெயிண்ட்டு உரிஞ்சிருந்துச்சு. பையன் வாயில போட்டுக்குவான்னு நாந்தான் உரிச்சேன். கொஞ்சமாத்தான் உரிக்கலாம்னு..."

மாமனார் குனிந்து பார்த்தார். "மொத்தமாவா அம்மிணி?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பம்பரை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லவேளைங்க சம்பந்தி. வாங்கியிருந்தா, மூஞ்சி கழுவுனதுக்கப்புறமில்ல தெரிஞ்சிருக்கும்!"

மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். மாமனார் உள்ளே போய், ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். அத்தைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கு வர இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு என்னைத்தான் நிறுத்தினார்கள். அது நித்யாவின் ஏற்பாடு. அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் எந்த விசேஷமானாலும் அந்தக் கிண்ணம் என் கைக்குத்தான் வருகிறது. "பூசறதுல அண்ணிக்கு அனுபவம் அதிகம்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். பெரியப்பாவும் தவறாமல் வரிசையில் வந்து கையை நீட்டுவார்.

"கொஞ்சமா வெய்யி சாமி. எனக்கு இன்னும் உரியல."