உருகாத பித்தளையும் ஒரு புஸ்வாணமும்

ஜெயித்தவனுக்கு ஜெயித்த கையோடு கொஞ்ச நேரம் புத்தி வேலை செய்யாது. இது உலக வழக்கம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயிப்பதற்கு முன்பும் வேலை செய்யவில்லை, ஜெயித்த பிறகும் வேலை செய்யவில்லை. அப்படியும் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதென்றால் அது என் சாமர்த்தியம் இல்லை.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் மல்லாங்கிணறு. (வீட்டில் நிலம் உண்டு. "வெயில்ல நிக்க முடியலன்னு வயலை விட்டு ஓடுனவன், அதே வெயில்ல நாள் பூரா கிரிக்கெட் ஆடுதான்" என்று என் அப்பா இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.) எனக்கும் மீனாவுக்கும் நிச்சயமாகியிருந்தது. தீபாவளி சீசன் முடிந்து தை மாதம் கல்யாணம். மீனாவின் அப்பாவுக்கு நாரணாபுரம் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. தூரத்து உறவு என்பதால் எனக்கு அவர் முன்பிருந்தே மாமாதான்.

அந்த வருடம் மாமா, காலமான தன் அப்பாவின் பெயரில் ஒரு சுழற்கோப்பை ஏற்படுத்தினார். நாரணாபுரம் மைதானத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஜெயிக்கும் அணி ஒரு வருடம் கப்பை வைத்திருந்து, அடுத்த வருடம் அப்படியே திருப்பித் தர வேண்டும். எங்கள் அச்சக அணியும் பெயர் கொடுத்தது. கேப்டன் நான். (மட்டை என்னுடையது.)

இறுதிப் போட்டியின் கடைசிப் பந்து என்னை நோக்கி உயரே வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நான் அபாரமாகப் பிடித்தேன் என்றார்கள். உண்மையில் மூக்கு உடைந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் முகத்தை மறைத்தேன். பந்து தானாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது. கண்ணைத் திறந்தபோது என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே மாமனார் கையால் கப்பு வாங்கப்போகும் மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா மைக்கைப் பிடித்தார்.

"இது கடையில வாங்குன கப்புன்னு யாரும் நெனச்சிராதீக. எம்பொஞ்சாதி சீரா கொண்டாந்த பித்தளை அண்டா ஒண்ணு வீட்டுல கெடந்துச்சு. மாமனார் பேரு நெலைக்கட்டும்னு அவளே தூக்கிக் குடுத்துட்டா. அதை உருக்கிச் செஞ்சது இது. மேல வெள்ளி முலாம். பேரன் பேத்தி காலத்துக்கும் அசையாது."

கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பு என் இடுப்பு உயரம் இருந்தது. அதை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

"பித்தளைன்னா கனக்கணும்லே?" என்றான் பாண்டி. எங்கள் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன், என் உயிர் நண்பன். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவான். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

"தூக்குற கையைப் பொறுத்துலே," என்றேன் நான்.

சீசன் நேரம், லோடு ஏற்ற வேண்டும் என்று மாமா கிளம்பிவிட்டார். கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்து வெடிக்காரர்கள் தண்ணீரை முதலில் வைத்துவிட்டுத்தான் திரியைத் தொடுவார்கள். கம்பெனியிலிருந்து ஒரு லோடு ஆட்டோவில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வந்து இறங்கியது. தீயணைக்கும் வாளிக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை அதற்கும் மொத்தமாக அடித்திருந்தார்கள்.

"வெடி போடணும்னா போடுங்க. இதைப் பக்கத்துல வச்சுக்காம ஒரு மத்தாப்பு கூடக் கொளுத்தப்படாது. மாப்ள, நீங்க பொறுப்பு," என்றார்.

பொறுப்பை என்னிடம் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு.

மற்ற ஊரில் ஜெயித்தால் கப்பில் குளிர்பானம் ஊற்றிக் குடிப்பார்களாம். நாங்கள் சிவகாசிக்காரர்கள். எங்களுக்கு ஒரு குழிவான பாத்திரத்தைப் பார்த்தால் அதில் எதை வைத்துக் கொளுத்தலாம் என்றுதான் தோன்றும். அதிலும் நான் காலண்டர் டிசைன் செய்கிறவன். மேசை மேலே கப்பு, கப்புக்குள்ளே புஸ்வாணம், கப்பிலிருந்து வெள்ளிப் பூவாகப் பொங்கி வழிகிறது, பின்னால் அணி நிற்கிறது என்று படமே கண் முன்னால் வந்துவிட்டது. அதை மீனாவுக்கு அனுப்பினால் அவள் அசந்துபோவாள். அடுத்த வருடக் காலண்டரில் போட்டால் ஊரே அசந்துபோகும்.

"கப்புக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றான் பாண்டி.

"பித்தளைலே. புஸ்வாணத்துக்கெல்லாம் அசையுமா?"

மாமா கம்பெனிப் புஸ்வாணத்திலேயே பெரியதாக ஒன்றை உள்ளே வைத்து, நானே பற்றவைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. கப்பு வாயிலிருந்து வெள்ளி கொட்டியது. பையன்கள் கூத்தாடினார்கள். நான் படமாக எடுத்துத் தள்ளினேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு படத்திலும் கப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டு வந்தது.

முதலில் இரண்டு கைப்பிடிகளும் தொங்கின. பிறகு கழுத்து சாய்ந்தது, கல்யாணப் பெண் வெட்கப்பட்டுத் தலை குனிகிற மாதிரி.

"என்னலே இது, பிளாஸ்டிக் கருகுற வாடை வருது?" என்றான் பாண்டி.

"மேல இருக்கற முலாம் கருகுது," என்றேன். (மாமனாரை நம்பலாம். அதற்கும் ஓர் அளவு உண்டு. எனக்கு அன்று அது தெரியவில்லை.)

அடுத்த நொடி கப்பே தீப்பிடித்துக்கொண்டது. பாண்டிதான் பாய்ந்து, சிவப்பு அண்டாவில் வாளியை விட்டு மொண்டு மொண்டு ஊற்றினான். புஸ்ஸென்று புகை அடங்கியபோது மேசையில் இருந்ததைக் கப்பு என்று சொல்ல ஊரில் ஒருவரும் துணிய மாட்டார்கள். உளுந்து மாவில் ஓட்டை விழாமல் போன வடை மாதிரி இருந்தது. ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். வெள்ளி உரிந்தது. உள்ளே பித்தளையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பச்சைப் பிளாஸ்டிக்.

மறுநாள் காலையில் கப்பை மாமா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தை அதைத் தன் மாமனார் படத்துக்கு முன்னால் வைத்து மாலை போட்டு, அணிக்கெல்லாம் இட்லி போடுவதாகச் சொல்லியிருந்தார். கப்பை நான் உருக்கிவிட்டேன் என்றால் கல்யாணம் நிற்கும். கப்பு பிளாஸ்டிக் என்று சொன்னால் மாமாவின் மானம் போகும், அப்போதும் கல்யாணம் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு மீனா இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

காலையில் கிளம்பலாம் என்றால் அணியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி. பாண்டி மட்டும் இட்லிக்காக வந்தான். கப்பை ஒரு துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த மீனா துண்டைப் பார்த்தாள். "கப்பு எங்க?"

"இதுதான்."

"இம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்தாளா அழுதாளா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. (சிரித்தாளாம்.)

கூடத்தில் தாத்தா படத்துக்குப் பூ சாற்றி, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். அத்தை, "வாங்க மாப்ள, இருங்க, கப்பை இங்கன வைங்க" என்று கோலம் போட்ட பலகையைக் காட்டினார். நான் துண்டை அவிழ்த்து வைத்தேன்.

மாமாவின் முகம் அண்டாவின் நிறத்துக்கு வந்தது. "எங்கப்பா பேருல குடுத்த கப்பு. ஒரு ராத்திரி தாங்கலையே. என்ன செஞ்சீக?"

"உள்ள புஸ்வாணம் வச்சோம் மாமா."

"ஒரு கப்பைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல. இவரை நம்பி எம்பொண்ணை எப்படிக் குடுக்க? பொன்னு, இந்தச் சம்பந்தத்தை யோசிக்கணும்," என்று அத்தை பக்கம் திரும்பினார்.

அத்தை குனிந்து அந்த வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்க, பித்தளை எப்படிங்க உருகும்?" என்றார்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை நேரம் சிவந்திருந்த முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. காப்பாத்துங்க மாப்ள என்று அந்தக் கண் கெஞ்சியது. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குப் புத்தி வேலை செய்தது.

"அத்தை, அது சாதாரணப் புஸ்வாணம் இல்ல. மாமா கம்பெனிச் சரக்கு. அம்புட்டுச் சூடு. பித்தளை என்ன, இரும்பே உருகிரும்."

"ஆமா பொன்னு," என்றார் மாமா உடனே. "இந்த சீசன் மருந்து கொஞ்சம் வீரியம். சின்னப் பிள்ளைக, தெரியாமச் செஞ்சுட்டாக. விடு. மாப்ளைக்கு இட்லி வை."

அவ்வளவுதான். முடிந்தது. மாமா என் தோளில் கை போட்டார். மீனா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தை இட்லி வைத்தார். இந்த இடத்தில் நான் பாண்டியின் வாயில் ஒரு முழு இட்லியை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை.

"நல்ல வேளை அத்தை, தண்ணி இருந்துச்சு," என்று ஆரம்பித்தான் அவன். "இல்லன்னா இதுவும் மிஞ்சியிருக்காது. மாமா கம்பெனி அண்டாதான் காப்பாத்துச்சு."

"எந்த அண்டா?" என்றார் அத்தை.

"சிவப்புப் பெயிண்ட் அடிச்ச அண்டா. நல்ல கனமான பழைய பித்தளை அத்தை. மோக்கும்போது பாத்தேன், பெயிண்டு உரிஞ்ச இடத்துல பேரு கூட வெட்டியிருக்கு. யாரோ பொன்னுத்தாயாம்."

அத்தையின் பெயர் அதுதான் என்று அவனுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு இட்லி கேட்டான்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். மாமா தன் அப்பாவின் படத்தைப் பார்த்தார். அங்கிருந்தும் உதவி வரவில்லை.

"அண்டாவைப் பட்டறைக்குக் கொண்டுதான் போனேன் பொன்னு," என்றார் மெதுவாக. "உம்பேரு வெட்டியிருந்துச்சு. உருக்க மனசு வரல. அதான் கடையில ஒரு கப்பை வாங்கிட்டு, அதைக் கம்பெனியில..."

"உருக்க மனசு வரல. பெயிண்ட் அடிக்க மட்டும் மனசு வந்துச்சாக்கும்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன்.

"நீங்க உக்காருங்க மாப்ள," என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "கப்பை உருக்குனவருக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கீகளே. அண்டாவை ஒளிச்சவருக்கு எங்கப்பா பொண்ணு குடுக்கலையா? தையிலயே கல்யாணம். அந்த அண்டாதான் எம்பொண்ணுக்குச் சீர்," என்றார்.

அப்படித்தான் நடந்தது. மாமாவே உட்கார்ந்து புளி போட்டு அதைத் தேய்த்தார். வெட்டின எழுத்துக்குள் இருக்கிற சிவப்பு மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. இன்று எங்கள் வீட்டு அடுப்படியில் பொன்னுத்தாய் என்று சிவப்பெழுத்தில் அது நிற்கிறது. நாங்கள் அதை அண்டா என்று சொல்வதில்லை. "கப்புல தண்ணி இருக்கா?" என்றுதான் மீனா கேட்பாள். புதிதாக வருகிற விருந்தாளிகள், இந்த வீட்டில் எல்லோரும் ஒரு கப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விழிப்பார்கள். புஸ்வாணம் பொங்கும் அந்தப் படம் மறுவருடம் மாமா கம்பெனிக் காலண்டரில் வந்தது. கைப்பிடி தொங்குவதற்கு முன்னால் எடுத்தது.

மாமா மட்டும் மாறவில்லை. போன மாதம் ஒரு கட்டில் வாங்கியிருந்தார். எங்களையெல்லாம் சுற்றி நிற்க வைத்து, "அசல் தேக்கு, ஆயுசுக்கும் அசையாது" என்று தட்டித் தட்டிக் காட்டினார். அத்தை மட்டும் அடுப்படியிலிருந்தே நிதானமாகக் கேட்டார்.

"மாப்ள, அங்கன புஸ்வாணம் ஏதும் கெடக்கா பாருங்க."